இராசமலரின் மேசையில் பிறந்த மீன்கள்

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து வந்த அகதிக் கப்பல் காங்கேசன்துறையில் ஆட்களை இறக்கியபோது, இராசமலர் உடுத்த சேலையோடும் தோளில் ஒரு துணிப்பையோடும் இறங்கினாள். பைக்குள் ஒரு மாற்றுடுப்பு, தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று, வெள்ளித் தாளில் சுற்றிய ஒரு கறுப்புச் சிப். அவ்வளவுதான்.

புத்தூர் வீட்டு விறாந்தையில் அவள் பையைக் கொட்டியபோது தாய் சின்னாச்சி அந்தச் சிப்பை விரல் நுனியால் தள்ளிப் பார்த்தாள். பூரானுக்குப்போல இரண்டு பக்கமும் வரிசையாகக் கால்கள்.

"எடி பிள்ளை, சங்கிலியைக் காப்பை விட்டிட்டு உந்த மட்டத்தேளையோ தூக்கிக்கொண்டு வந்தனி?"

"அம்மா, உது கடிக்காது."

"கடிச்சாலும் பரவாயில்லை, நீ வந்து சேந்திட்டாய்," என்று சொல்லிவிட்டுத்தான் தாய் அழுதாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அந்தச் சிப்புக்கு மட்டத்தேள் என்றே பெயர்.

கொழும்பில் இராசமலர் வேலை செய்தது தொலைபேசிப் பெட்டிகள் பொருத்தும் ஒரு சிறு கம்பனியில். அங்கேதான் அவள் இந்த வகைச் சிப்பை முதன்முதலில் கையில் எடுத்தாள். மைக்ரோகொன்ட்ரோலர் என்று பெயர். என்ன செய்யவேண்டும் என்று எண்களால் எழுதிக் கொடுத்துவிட்டால், அலுக்காமல் சலிக்காமல் அதையே செய்துகொண்டிருக்கும். அப்படியொரு சிப்பை ஆட்டுவித்துப் பழகிய ஒருத்திக்கு யாழ்ப்பாணத்தில் என்ன வேலை இருக்கும்? பட்டினத்து அலுவலகங்களில் ஏறி இறங்கினாள். தட்டெழுத்துத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றாள். வீட்டுக்கு வந்து, "நான் தட்டெழுதப் போகேல்லை. மேசை ஒண்டு கட்டப் போறன்," என்று அறிவித்தாள்.

தகப்பன் நாகலிங்கம் புகையிலையும் மிளகாயும் வைக்கிற கமக்காரர். மகள் சொன்னதில் மேசை என்ற சொல் மட்டும் அவருக்கு விளங்கியது. பதப்படுத்திய புகையிலையை அடுக்கும் பெரிய பலகையைக் கழுவிக் காயவைத்து, இரண்டு மரக்குதிரைகளின் மேல் ஏற்றி, விறாந்தை மூலையில் போட்டுக் கொடுத்தார். முதல் சில மாதங்கள் அதில் எதை வைத்தாலும் புகையிலை மணந்தது.

அந்தப் பலகையில் சாமான்கள் ஒவ்வொன்றாய் ஏறின. செத்துப்போன ஒரு வால்வு றேடியோவின் வயிற்றிலிருந்து எடுத்த மின்மாற்றி, வீட்டுக் கறண்டைச் சிப்புக்கேற்ற அளவுக்குக் குறைத்தது. கம்பனியில் கூட வேலை செய்த சாந்தனி என்ற சிங்களப் பெண், யாழ்தேவி ரயிலில் வந்த ஒருவரிடம் பால்மாப் பெட்டிக்குள் ஒளித்துச் சில நினைவுச் சிப்புகளையும் ஒரு பிடி சிவப்பு மணிவிளக்குகளையும் கொடுத்துவிட்டாள். மணிவிளக்கு ஒவ்வொன்றும் மிளகாய் விதையைவிடச் சற்றுப் பெரிது. எண்களை உள்ளே ஏற்றத் தட்டச்சுப் பலகை கிடையாது. அதற்குப் பதிலாக, வரிசையாகச் சின்னச் சின்ன ஆளிகள், விளக்குச் சுவிட்ச் மாதிரி. மேலே தள்ளினால் ஒன்று, கீழே தள்ளினால் பூச்சியம். ஒரு கட்டளைக்கு எட்டு ஆளிகளையும் சரி பார்த்துத் தள்ளி, ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். பிறகு அடுத்த கட்டளை. நடுவில் கறண்ட் போனால் எல்லாம் அழிந்துபோகும். கறண்ட் போகாத நாளே இல்லை. ஆகவே இரண்டு ரோச் பற்றரிகளைக் காவல் வைத்தாள். கறண்ட் போனாலும் நினைவு போகாது. ஈயம் ஒட்டும் கோல் குளிர்ந்துவிட்டால் தாயின் அடுப்பில் சிரட்டைக் கரிக்குள் ஒரு செப்புக் கம்பியைச் சூடாக்கி ஒட்டினாள். புட்டு அவிகிற அடுப்பில் ஈயம் உருகுவதைத் தாய் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு, "கம்பியைப் பாத்து எடு, தேங்காய்ப்பூ கிடக்குது," என்ற அளவுக்கு இறங்கி வந்தாள்.

உள்ளே நடப்பதைப் பார்க்க அவளிடம் கருவி எதுவும் இருக்கவில்லை. தற்செயலாக ஒரு வழி அகப்பட்டது. ஒரு பின்னேரம், தகப்பன் செய்தி கேட்பதற்காகச் சின்ன றேடியோவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். செய்திக்குப் பதிலாக, சில்வண்டு கத்துவதுபோல ஒரு சத்தம் வந்தது. இராசமலர் ஒரு கட்டளையை மாற்றினாள். சத்தம் தடித்தது. இன்னொன்றை மாற்றினாள். சத்தம் விட்டு விட்டு வந்தது.

"ஐயா, இஞ்சை கேளுங்கோ! மட்டத்தேள் ஓடுற சத்தம்!"

"எனக்குச் செய்தி வேணும் பிள்ளை," என்றார் நாகலிங்கம். அன்றைக்கு அவருக்குச் செய்தி கிடைக்கவில்லை. அதன் பிறகும் அந்த றேடியோ அவருக்குத் திரும்பவில்லை. சிப் சரியாக ஓடுகிறதா, எங்கேயாவது சிக்கி நிற்கிறதா என்பதை இராசமலர் காதாலேயே அறியப் பழகிக்கொண்டாள்.

ஓட்டிப் பார்த்துச் சரிவந்த கட்டளைகளை நிரந்தரமாக எழுதி வைக்கவென்று வேறொரு வகைச் சிப் இருந்தது. அதன் முதுகில் கண்ணாடிச் சாளரம் ஒன்று. எழுதியதை அழித்து மறுபடி எழுதவேண்டுமானால் அந்தச் சாளரத்தின் வழியே ஒரு விசேட விளக்கின் ஒளியைக் காட்ட வேண்டும். அந்த விளக்குக்கு இராசமலர் எங்கே போவாள்? புத்தகத்தில் ஓரிடத்தில், நல்ல வெயிலில் ஒரு கிழமைக்குமேல் கிடந்தாலும் அழியும் என்று போட்டிருந்தது. எச்சரிக்கையாகப் போடப்பட்டிருந்த அந்த வரி அவளுக்கு வரமாகத் தெரிந்தது. யாழ்ப்பாணத்து வெயிலுக்கா குறைவு?

முற்றத்தில் மிளகாய் காயும் பாயின் ஓரத்தில் சிப்புகளும் காயத் தொடங்கின. இரண்டுக்கும் காவல் சின்னாச்சி.

"வெயில் பட்டா உதுக்கு எல்லாம் மறந்துபோமோ?"

"ஓம் அம்மா. துடைச்சு விட்டமாதிரி."

"அப்பிடியெண்டா உன்ரை மாமியையும் ஒருக்காப் பாயிலை கிடத்த வேணும். காணித் துண்டுக் கதையை இன்னும் விடுகிறாவில்லை."

எண்பத்து ஐந்தாம் ஆண்டு சித்திரையில் அந்தப் பாயில்தான் இராசமலரின் வாழ்க்கை திரும்பியது. தாய் மிளகாயைக் கிண்டிவிட்டு உள்ளே போன இடைவெளியில், மினுங்குகிற சிப் ஒன்றைக் காகம் கொத்திக்கொண்டு பறந்தது. சின்னாச்சி விளக்குமாற்றோடு வேலிப் படலை வரை ஓடினாள். காகம் பிள்ளையார் கோயில் பக்கமாகப் போய் மறைந்தது.

கோயிலில் அப்போது திருவிழாச் சோடினை நடந்துகொண்டிருந்தது. குருநகரிலிருந்து வந்த சந்தியோகு, மண்டபக் கூரையில் ஏறிப் பல்ப்புக் கம்பிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். கடலுக்குப் போகும் குடும்பத்தில் பிறந்து, கடல் ஒத்துவராமல் வெளிச்சத்துக்கு வந்தவர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். சைவக் கோயிலோ கிறிஸ்தவரின் வேதக் கோயிலோ, தீவகம் தொட்டுத் தென்மராட்சி வரை அவருடைய கறண்ட் தரும் லைற் எஞ்சின் ஏறிய பழைய லொறி போகாத திருவிழா குறைவு. அவருக்கு முன்னால் கூரை ஓட்டில் காகம் எதையோ போட்டுவிட்டுப் பறந்தது. எடுத்துப் பார்த்தார். றேடியோச் சாமான் மாதிரி இருந்தது. இறங்கி, விசாரித்து விசாரித்து நாகலிங்கத்தின் படலைக்கு வந்து சேர்ந்தார்.

"தங்கச்சி, உங்கடை வீட்டுக் காகம் இதைப் போட்டிட்டுப் போட்டுது."

இராசமலர் சிப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கால் மட்டும் வளைந்திருந்தது. "நல்ல காலம்! இருங்கோ அண்ணை, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

விறாந்தையில் குந்திய சந்தியோகுவின் கண் மேசைக்குப் போனது. அங்கே ஒரு வரிசை மணிவிளக்குகள் இடமிருந்து வலமாக ஓடின. பிறகு நடுவிலிருந்து இரு பக்கமும் விரிந்தன. பிறகு ஒன்றுவிட்டு ஒன்றாக மினுங்கின. யாரும் எதையும் தொடவில்லை.

"உதை ஆர் சுத்துறது?"

"ஒருத்தரும் சுத்தேல்லை அண்ணை. உந்தக் கறுப்புச் சிப்தான்."

சந்தியோகு தேநீரைக் கீழே வைத்துவிட்டார். பல்ப்புகளை ஓட வைக்க அவரிடம் இருந்தது ஒரு மர உருளை. உருளையைச் சுற்றிப் பித்தளைத் தகடுகள். ஒரு சிறு மோட்டார் சுழற்றச் சுழற்ற, தகடுகளில் கம்பி உரசிப் பல்ப்புகள் மாறி மாறி எரியும். ஓர் உருளைக்கு ஒரே ஆட்டம்தான். தகடு அடிக்கடி கருகும். புது ஆட்டம் வேண்டுமென்றால் புது உருளை கடைய வேண்டும்.

"இதிலை எத்தினை ஆட்டம் போடலாம்?"

"நீங்கள் கேக்கிற அளவு."

"அலை அடிக்குமோ?"

"அடிக்கும்."

"மீன் துள்ளுமோ?"

இராசமலர் சிரித்தாள். "துள்ள வைக்கலாம். ஏன் அண்ணை, என்ன மீன்?"

அப்போதுதான் அவர் மனதில் கிடந்ததைச் சொன்னார். குருநகருக்கு அப்பால் கரையோரத்தில் ஒரு சிறிய சந்தியாகுமையர் கோயில். அவருக்குப் பெயர் கொடுத்த புனிதர். ஆடியில் திருவிழா. அந்தப் புனிதரும் மீன்பிடிகாரர்தானே. கோயில் முகப்பில் கடல் அலையடிக்க, ஒரு வள்ளம் ஆட, வலைக்குள் மீன்கள் துள்ளித் துள்ளி விழ வேண்டும் என்று சந்தியோகுவுக்குக் கனநாள் ஆசை. உருளையால் அது முடியவில்லை.

"செய்வீரோ தங்கச்சி?"

"செய்வம்," என்றாள் இராசமலர், எப்படி என்று அப்போது தெரியாமலே.

மணிவிளக்கை ஆட்டுவது வேறு, வீட்டுக் கறண்டில் எரியும் பல்ப்புக் கூட்டத்தை ஆட்டுவது வேறு. நடுவில் நின்று பெரிய கறண்டைத் திறந்து மூடும் துண்டுகளைச் சாந்தனி மறுபடி அனுப்பினாள், இந்த முறை பிஸ்கட் ரின்னுக்குள். இராசமலர் வள்ளத்தையும் அலையையும் மீனையும் மேசையில் மணிவிளக்காலேயே முதலில் கட்டி ஆட்டிப் பார்த்தாள். மீன் துள்ளும்போது வாலை முதலில் உயர்த்துமா தலையையா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து கிணற்றையும் தோட்டத்தையும் பார்த்து வளர்ந்தவள். பஸ் ஏறிக் குருநகருக்குப் போனாள். சந்தியோகுவின் மனைவி லூர்த்தம்மா கரைக்குக் கூட்டிப்போய், வலையிலிருந்து கொட்டிய மீன்களுக்கு முன்னால் இருத்தினாள்.

"நல்லாப் பாரும். வாலாலை உந்தித்தான் எழும்புறது. விழேக்கை பக்கவாட்டிலை விழும்."

அன்று மத்தியானம் இராசமலர் அந்த வீட்டில் கூழ் குடித்துவிட்டு, வாலிலிருந்து தலைவரை என்று கட்டளைகளைத் திருத்தி எழுத வீடு திரும்பினாள்.

ஆனி மாதம் முடிகிறபோது எல்லாவற்றையும் லொறியில் ஏற்றிச் சந்தியோகுவின் வீட்டு வளவில் பொருத்திப் பார்த்தார்கள். வீட்டுக் கறண்டில் மீன் அழகாகத் துள்ளியது. "இனி எஞ்சினைப் போடுவம்," என்று சந்தியோகு லைற் எஞ்சினை இழுத்துவிட்டார். எஞ்சின் உறுமியது. அலை நின்றது, வள்ளம் பாதியாய்க் கிழிந்தது, மீன்கள் ஆளுக்கொரு பக்கம் மினுங்கின. நிறுத்தினால் சரி, போட்டால் கோணல். பின்னேரம் முழுவதும் இதே கதை.

"உதுக்கு என்ரை எஞ்சினைப் பிடிக்கேல்லை," என்றார் சந்தியோகு, உண்மையாகவே மனம் நொந்து.

இராசமலருக்கு அழுகை முட்டியது. கம்பனியில் இருந்தபோது இப்படி ஏதாவது நடந்தால் கேட்பதற்கு ஆட்கள் இருந்தார்கள். இங்கே அவள் ஒருத்திதான். கொஞ்சநேரம் கிணற்றுக் கட்டின்மேல் போய் இருந்தாள். பிறகு எழும்பி வந்து, கொண்டுவந்திருந்த றேடியோவை எடுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் பிடித்தாள். எஞ்சின் ஓடியபோது சில்வண்டுச் சத்தத்துக்கு மேலாகப் பொரி வெடிப்பதுபோல ஒரு சடசடப்பு. றேடியோவை எஞ்சினிலிருந்து வரும் கம்பியோடு நகர்த்தினாள். சடசடப்புக் கூடியது. கம்பியைவிட்டு விலக்கினாள். குறைந்தது.

"அண்ணை, எஞ்சின் கறண்டோடை குப்பையும் வருது. அந்தக் குப்பை சிப்புக்குள்ளை போய்க் குழப்புது."

"றேடியோ உமக்கு மட்டும் ஞாயம் சொல்லுது. எனக்குச் சும்மா கத்துது," என்றார் சந்தியோகு. "இப்ப என்ன செய்யிறது?"

"சிப்புக்குச் சாப்பாடு எஞ்சினிலையிருந்து வேண்டாம். உங்கடை லொறிப் பற்றரியிலையிருந்து குடுப்பம்."

லொறிப் பற்றரியைக் கழற்றினார்கள். சிப்பையும் அதன் கூட்டாளிகளையும் சாந்தனியின் பிஸ்கட் ரின்னுக்குள் வைத்து, ரின்னை மண்ணில் அடித்த ஓர் இரும்புக் கம்பியோடு தொடுத்தார்கள். எஞ்சின் கம்பியை வேலிப் பக்கமாக விலக்கி இழுத்தார்கள். சந்தியோகு சிலுவை போட்டுக்கொண்டு எஞ்சினை இழுத்தார். அலை வந்தது. வள்ளம் ஆடியது. வாலால் உந்தி எழும்பிய மீன் பக்கவாட்டில் விழுந்தது. லூர்த்தம்மா குசினியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்து, "பாரை!" என்று கத்தினாள். "சரியாப் பாரை மீன்!"

அந்த ஆடியில் சண்டை நிறுத்தம் இருந்தது. ஆட்கள் பயமில்லாமல் வெளியே வந்தார்கள். கரையோரக் கோயிலுக்கு அந்த முறை வந்த சனம்போல முன்பு வந்ததில்லை என்றார்கள். புத்தூரிலிருந்து நாகலிங்கமும் சின்னாச்சியும் வந்திருந்தார்கள். சின்னாச்சி கோயிலுக்குள் போவதா விடுவதா என்று யோசித்து, வாசலில் நின்றே கும்பிட்டாள். லூர்த்தம்மா அவளுக்கு முன்வரிசையில் கதிரை போட்டாள்.

பொழுது பட்டு, புனிதரின் சொரூபப் பவனி கோயில் வாசலுக்குத் திரும்பியபோது சந்தியோகு எஞ்சினைப் போட்டார். முகப்பு முழுவதும் நீல அலை எழுந்து வலப்பக்கமாக ஓடியது. வள்ளம் ஏறி இறங்கியது. ஒரு மீன் துள்ளியது, பிறகு இன்னொன்று, பிறகு வலை கொள்ளாமல். சனத்திடமிருந்து ஒரு பெருமூச்சும் பிறகு ஒரே ஆரவாரமும் கிளம்பின. "சந்தியோகு, மீன் ஏலத்தை எப்ப கூறப் போறாய்?" என்று யாரோ கத்தினார்கள்.

எல்லாவற்றையும் ஆட்டுகிற மூளையைப் பார்க்கவேண்டும் என்று கோயில் பாதிரியாரான பங்குச் சுவாமி விரும்பினார். இராசமலர் பெருமையோடு பிஸ்கட் ரின்னின் மூடியைத் திறந்தாள். பட்டினத்தில் ஸ்ரூடியோ வைத்திருந்த லியோன், திருவிழாவுக்குப் படம் பிடிக்க வந்தவர், "சுவாமி, கொஞ்சம் குனியுங்கோ," என்று சொல்லி ஃபிளாஷ் அடித்தார்.

முகப்பு அப்படியே உறைந்தது. வலையைவிட்டு ஒரு மீன் பாதி வெளியே தொங்க, அலை அசையாமல் நின்றது.

சனம் சளசளத்தது. இராசமலர் பதறிப்போய்ப் பொத்தானை அமுக்கினாள். எல்லாம் முதலிலிருந்து ஓடத் தொடங்கியது. "இன்னொரு படம், முதல் படத்திலை சுவாமி கண் மூடிட்டார்," என்று லியோன் மறுபடி அடித்தார். மறுபடி உறைந்தது.

"படம் எடுக்காதையும் ஐசே!" என்று சந்தியோகு எஞ்சின் சத்தத்துக்கு மேலாகக் கத்தினார். "மீன் வெருளுது!"

இராசமலருக்குச் சட்டென்று விளங்கியது. நினைவுச் சிப்பின் கண்ணாடிச் சாளரம்! எழுதிய பிறகு அதை எப்போதும் கறுப்புத் துண்டால் மூடி ஒட்டிவிடுவாள். அன்று காலை கடைசித் திருத்தம் செய்த அவசரத்தில் மூடாமலே பூட்டிவிட்டாள். ஃபிளாஷ் வெளிச்சம் சாளரத்துக்குள் பாய்ந்து சிப்பை ஒரு கணம் தடுமாற வைத்திருக்கிறது. கறுப்புத் துண்டுக்கு இப்போது எங்கே போவது? பை லொறியில், லொறி சனத்துக்கு அந்தப் பக்கம். அவள் கை தன் நெற்றிக்குப் போனது. கோயில் திருவிழாவென்று பெரிதாகவே வைத்திருந்த ஒட்டுப் பொட்டைப் பிய்த்துச் சாளரத்தின் மேல் ஒட்டி அழுத்தினாள். அளவெடுத்துச் செய்ததுபோல மூடியது.

"இப்ப அடியுங்கோ," என்றாள் லியோனிடம்.

லியோன் தயங்கித் தயங்கி அடித்தார். மீன் துள்ளிக்கொண்டே இருந்தது.

சுவாமி ரின்னுக்குள் குனிந்து பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். "சந்தியாகுமையரின் வலையைப் புத்தூர்ப் பொட்டு காப்பாற்றியிருக்குது. நாளைக்குப் பிரசங்கத்திலை சொல்லத்தான் வேணும்." சொன்னாராம். சின்னாச்சி மட்டும், திருவிழா நேரத்தில் மகள் பொட்டில்லாத நெற்றியோடு நிற்பதைக் கண்டு பொறுக்காமல், யாரிடமோ குங்குமம் கேட்டு அலைந்தாள். வேதக்காரச் சனத்துக்குள் அது கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு இராசமலரை யாரும் தட்டெழுதக் கூப்பிடவில்லை. சந்தியோகுவின் லொறியில் அவளுடைய ரின்கள் ஊர் ஊராகப் போயின. கிணற்றில் தண்ணீர் வற்றினால் தானாக நிற்கிற இறைப்பு மெஷின் ஒன்று தகப்பனுக்கென்று செய்தாள். அதைப் பார்த்து அயலிலும் கேட்டார்கள். கலியாணப் பேச்சும் வந்தது. முதலில் வந்தவர்கள், மேசையைக் கலைத்துவிட்டு வந்தால் நல்லது என்றார்கள். அவர்களுக்குத் தேநீரோடு விடை கொடுத்தாள். அடுத்து வந்த தேவராசா பருத்தித்துறை பஸ்ஸில் கொண்டக்ரர். பெண் பார்க்க வந்தவன் நேரே மூலைக்குப் போய், "இதிலை எந்த ஆளியைத் தள்ளினா எது ஓடும்?" என்று கேட்டான். சின்னாச்சி அன்றே பொருத்தம் பார்க்கப் போய்விட்டாள். கலியாணமாகி அவன் புத்தூருக்கே வந்தான்; மேசை அசையவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் சண்டை மறுபடி மூள, யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் கறண்ட் ஒரேயடியாக நின்றது. மண்ணெண்ணெய் அருமையானது, சந்தியோகு லைற் எஞ்சினைச் சாக்கால் மூடி வைத்தார். பற்றரியும் வரவில்லை. மேசை இருட்டாகிவிடும் என்றே எல்லோரும் நினைத்தார்கள். தேவராசா தன் சைக்கிளைப் பின்சில்லு நிலத்தில் படாமல் மரக்குதிரையில் ஏற்றி, இரண்டு டைனமோக்களைப் பூட்டினான். மிதித்தால் மேசைக்குப் போதிய கறண்ட் வந்தது. அதைக் கண்டு ஊரெல்லாம் தங்கள் றேடியோக்களைத் தூக்கிக்கொண்டு வந்தது. டைனமோவில் பாட வைத்துக் கொடுப்பதே இராசமலரின் தொழிலாயிற்று.

அடுத்த சித்திரையில் பிள்ளையார் கோயில் திருவிழாவுக்கு எண்ணெய் விளக்குத்தான் என்று முடிவாகியிருந்தது. இராசமலர் தன்னிடம் மிஞ்சியிருந்த மணிவிளக்குகள் அத்தனையையும் ஒரு பலகையில் பதித்தாள். பிள்ளையாரின் எலி. அது ஓடி வந்து மோதகத்தைத் தூக்கிக்கொண்டு, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு ஓட வேண்டும். சேதி கேட்டுச் சந்தியோகு குருநகரிலிருந்து சைக்கிளிலேயே வந்து இறங்கினார். அவர் வராமல் புத்தூரில் வெளிச்சமா?

மண்டபத்தில் தேவராசா முதலில் மிதித்தான். அவன் களைக்க, சந்தியோகு ஏறினார். எலி மோதகத்தோடு ஓடியது; சுற்றியிருந்த சனம் இன்னும் இன்னும் என்று கேட்டது. அவர் உடம்பெல்லாம் வேர்வை ஒழுகியது.

"தங்கச்சி, உந்த எலி எப்ப களைக்கும்?"

"அது களைக்காது அண்ணை."

"அப்ப மோதகத்தை எலிக்குக் குடுக்காமல் எனக்குத் தரச் சொல்லும்!"

கோயில் ஐயர் உள்ளே போய் ஒரு தட்டு மோதகத்தோடு வந்தார். சந்தியோகு மிதிப்பதை நிறுத்தாமல் வாயை ஆவென்று திறந்தார். சின்னாச்சி ஒன்றை எடுத்து ஊட்டிவிட்டாள். எலி இன்னும் வேகமாக ஓடியது.